மெமரி கார்டு: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஐயா, என் மகன் தோவாளைப் பூச்சந்தையை விடியற்காலையில் 4கே தரத்தில் படம்பிடிக்கிறான். நாகர்கோவிலில் வாங்கிய 128 ஜிபி மெமரி கார்டின் மேல் ‘விநாடிக்கு 100 எம்பி’ என்று அச்சிட்டிருந்தும், சில நிமிடங்களில் பதிவு தானாகவே நின்றுவிடுகிறது. பழுது கேமராவிலா, கார்டிலா?
– வாசகி, தக்கலை

பதில்: கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் கார்டை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ள அந்த 100, பெரும்பாலும் கார்டில் இருக்கும் படங்களைக் கணினிக்கு மாற்றும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகம்தான். எவ்வளவு நேரம் எழுதினாலும் வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது என்ற உறுதியைத்தான் படம்பிடிக்கும் கேமரா எதிர்பார்க்கிறது. அந்த உறுதி கார்டின் ஓரத்தில் சிறு குறியாக இருக்கும். ‘சி’ என்ற ஆங்கில எழுத்துக்குள் 10 அல்லது ‘யு’ எழுத்துக்குள் 1 இருந்தால் விநாடிக்கு 10 எம்பி. ‘யு’வுக்குள் 3 அல்லது ‘வி30’ இருந்தால் 30 எம்பி. பல கேமராக்கள் 4கே காட்சியை விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அது விநாடிக்கு 12.5 எம்பி, அதாவது மெகாபைட் ஆகிறது. 10 எம்பிக்கு மட்டுமே உறுதி தரும் கார்டு எங்கே திணறும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ‘வி30’ கார்டு உங்கள் மகனுக்குப் போதும். ‘வி90’ வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இந்த அளவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு 45 ஜிபி செலவாகும் என்பதால், 128 ஜிபி கொள்ளளவு அவருக்குத் தாராளம்.

இப்போதுள்ள கார்டில் ‘வி30’ குறி இருந்தும் பதிவு நிற்கிறது என்றால், அது போலியா என்று சோதிக்க வேண்டும். குறைந்த கொள்ளளவுள்ள கார்டைக் கூடுதல் கொள்ளளவு காட்டும்படி மாற்றி விற்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு எழுதப்படும் காட்சிகள் கிடைக்காமலே போய்விடும். திருமணக் காட்சிகளை இப்படி இழந்த ஒரு குடும்பத்தின் வருத்தத்தை நேரில் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் கணினியில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள், கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். வாங்கிய அன்றே, கார்டு காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். 128 ஜிபி கார்டைக் கணினி 119 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் கணினி 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

கேள்வி: வீட்டு வாசலில் உள்ள கண்காணிப்புக் கேமராவின் 64 ஜிபி கார்டு ஓராண்டு முடியும் முன்பே பழுதாகிவிட்டது. கடற்காற்று காரணமா?
– வாசகர், குளச்சல்

பதில்: உப்பும் ஈரமும் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும் என்பது உண்மை, ஆகவே கேமராவின் ரப்பர் மூடி இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனினும் இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதையே முதல் காரணமாகக் கருதுகிறேன். கார்டிலுள்ள நினைவகச் செல் ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட அளவு தடவைகளே அழித்து எழுத முடியும். கார்டு நிரம்பியதும் கேமரா பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதுவதால், அந்த எண்ணிக்கை விரைவில் தீர்ந்துவிடுகிறது. இத்தகைய பயன்பாட்டுக்கென்றே ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று அச்சிட்ட கார்டுகள் விற்கப்படுகின்றன. எத்தனை மணி நேரப் பதிவைத் தாங்கும் என்பதையும் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். கேமரா ஏற்குமானால் 128 ஜிபியாகவே வாங்குங்கள். அதே அளவு பதிவு இருமடங்கு இடத்தில் பரவுவதால், ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய பாதித் தடவைதான் அழிக்கப்படும்.

கேள்வி: பழைய கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டால் ‘கார்டு பிழை’ என்கிறது.
– வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் கேமரா ‘எஸ்டிஎச்சி’ வகையோடு நின்றுவிட்ட காலத்தது என்று தோன்றுகிறது. அந்த வகையின் எல்லை 32 ஜிபி. அதற்கு மேற்பட்டவை ‘எஸ்டிஎக்ஸ்சி’ எனப்படும் வேறு வகை. 32 ஜிபி கார்டு ஒன்றை வாங்கி, அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து பயன்படுத்துங்கள்.