கலாக்டிகாவின் கடைசி நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சைலான்கள் என்ற இயந்திர இனம் மனித உலகங்களை அழித்த பிறகு, எஞ்சியவர்கள் விண்கப்பல்களில் பூமியைத் தேடி ஓடும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரின் நான்கு சீசன்களையும் இரண்டு மாதமாகப் பார்த்து நேற்றிரவு முடித்தேன். முடிவைப் பார்த்து ஒரே கோபம். இறந்து திரும்பி வந்த விமானி கேரா த்ரேஸ் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. நண்பன் லீயிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகிறாள். மற்ற புதிர்களையும் கடவுள் தலையில் போட்டுவிட்டார்கள். பூமிக்கு வந்து சேர்ந்தவர்கள் கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடக்கிறார்கள். அறிவியல் புனைவை இப்படி முடிக்கலாமா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

2009 மார்ச்சில் கடைசிப் பகுதி ஒளிபரப்பானபோதும் பலருக்கு இதே கோபம் வந்தது. உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.)

கடவுள் கடைசியில் திடீரென்று வந்து குதிக்கவில்லை. 2003இல் வந்த முதல் குறுந்தொடரிலேயே மனித உருவில் இருக்கும் அந்தச் சைலான் பெண் விஞ்ஞானி பால்டரிடம் கடவுளைப் பற்றிப் பேசுகிறாள். அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற உருவம் என்பதால் மனப்பிரமை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அவள் சொன்னது நிஜம் என்று தெரியும்போது எரிச்சல் வரலாம். ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது கப்பல்களைக் கைவிடும் இடம். இரண்டாம் சீசனின் முடிவை நினைத்துப் பாருங்கள். வழியில் கண்ட நியூ காப்ரிகா என்ற கோளில் குடியேறுவதா வேண்டாமா என்பதற்கு ஒரு தேர்தலே நடக்கிறது. குடியேறுவோம் என்கிறான் பால்டர், ஆபத்து என்கிறாள் அப்போதைய அதிபர் ரோஸ்லின். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவள் தரப்பு வாக்குகளில் கை வைக்கிறது. அது வெளிப்பட்டு, படைத் தளபதி அடாமா வந்து பேசிய பிறகு அவள் பதவியை விட்டுக்கொடுக்கிறாள். சரியாகக் கணித்தவள் தோற்கிறாள். மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த கோளில் சைலான்களிடம் சிக்குகிறார்கள். ஒரு கோளில் இறங்குவதற்கே இத்தனை வாதம். மருந்து, மின்சாரம், கப்பல் என்று எல்லாவற்றையும் துறப்பதற்கோ லீயின் யோசனையும் சில வரிப் பேச்சும் போதுமாக இருந்திருக்கிறது. கையில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாயாவது எழுந்து மறுத்திருக்க வேண்டாமா?

ஐந்து நிமிடம் அவர்களைச் சண்டை போட விட்டிருந்தால் அதே முடிவை முழுமனதாக ஏற்றிருப்பேன். 33 நிமிடத்துக்கு ஒருமுறை தாக்கப்பட்டு, தூக்கமே இல்லாமல் ஓடியவர்கள் அவர்கள். சுமார் 50,000 பேரில் தொடங்கி, ரோஸ்லினின் வெள்ளைப் பலகையில் எண் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தவர்கள். அந்தக் களைப்புக்கு ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

மனிதனுக்கும் சைலானுக்கும் பிறந்த குழந்தை ஹீராதான் மைட்டோகாண்ட்ரியல் ஏவாள், நம் எல்லோருக்கும் தாய் என்று கடைசியில் வருகிறதே, அதைப் பார்த்து மற்றவர்கள் அனைவரும் அழிந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மைட்டோகாண்ட்ரியல் ஏவாள் என்பவள், தாய், தாயின் தாய் என்று பெண்வழியில் மட்டும் பின்னோக்கிப் போனால் நாம் எல்லோரும் சென்று சேரும் பெண். அவள் காலத்தில் வேறு பெண்களும் வாழ்ந்தார்கள். அவர்களுடைய மரபணுக்கள் மகன்கள் வழியாக நம்மிடம் வந்திருக்கலாம்.

கேரா விஷயத்தில் உங்களோடு சேர மாட்டேன். தன் பிணத்தைத் தானே கண்டெடுத்த பிறகும் எல்லோரையும் கரைசேர்த்தவள் அவள். திரும்பிப் பார்த்தால் வெறும் புல்வெளி. லீக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. நாமும் அவன் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

கதை முடிச்சுகளில் சிக்கி நின்றபோது, பாத்திரங்கள்தான் முக்கியம் என்று பலகையில் எழுதிப்போட்டதாகத் தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர் சொல்லியிருக்கிறார். அதன் பலனை ரோஸ்லின் சாகும் இடத்தில் பார்க்கலாம். புற்றுநோய் முற்றிய நிலையில் அடாமா ஓட்டும் சிறு விண்கலத்தில், கீழே மேயும் விலங்குகளைப் பார்த்தபடி பறந்துகொண்டிருக்கிறாள். எங்கே வீடு கட்டலாம் என்று அடாமா பேசிக்கொண்டே திரும்புகிறார்; அவள் போய்விட்டாள். தன் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போடுகிறார். அப்புறம் அவளைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்து, கிழக்கு பார்த்த அந்த வீட்டைப் பற்றி அவளிடமே சொல்கிறார். அது அவள் கேட்ட வீடு. நியூ காப்ரிகாவில் ஓர் இரவு, இருவரும் மண்மூட்டைகள்மேல் சாய்ந்து புகைத்துக்கொண்டிருக்கும்போது, ஓடையோரம் மரவீடு கட்ட வேண்டும் என்று சொன்னவள் அவள்தான்.

மூன்றாம் சீசனில் வரும் அந்த இரவை இன்னொரு முறை பாருங்கள். அதே கையோடு கடைசிப் பகுதியையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.