தொண்டித் தம்பிக்கு: ஃப்ரீசரை நம்பி மீனை விடாதீர்கள்

தம்பி, தொண்டியிலிருந்து துபாய் வந்து இறங்கிய கையோடு மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உம்மா கட்டிக் கொடுத்த மீன் குழம்பும் கறியும் ரூம் ஃப்ரீசரில் எத்தனை நாள் தாங்கும், ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவது, லைசென்ஸ் எப்போது எடுப்பது. பின்னிரண்டுக்கும் உங்கள் ரூமிலேயே ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள், அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்குத்தான் சரியான பதில் வராது. ஃப்ரீசருக்குள் போய்விட்டால் எதுவும் கெடாது என்பது நம்ம ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை. பெருகாமல் கிடக்கும், அவ்வளவுதான். இளகியதும் விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் நாள் கணக்கு அப்புறம். மதுரையில் விமானம் ஏறிய குழம்பு இங்கே பெட்டியைத் திறந்தபோது எப்படி இருந்தது? நடுவில் இன்னும் கட்டியாக, ஐஸோடு இருந்திருந்தால் வைத்தது சரி. முழுக்க இளகி, தொட்டால் சில்லென்றுகூட இல்லாமல் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். உம்மாவிடம் சாப்பிட்டாச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் வந்த புதிதில் துபாயின் தேரா பகுதியில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட ரூம். அத்தனை பேருக்கும் ஒரே ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் பனி இறுகிக் கதவு மூடாது. ஒருவர் அதைக் கத்தியால் கொத்தி, கேஸ் புஸ்ஸென்று போய், செலவு எல்லார் தலையிலும் விழுந்தது. அந்த ரூமில்தான் பாம்பன்காரர் ஒருவர் காலையில் சூரை வாங்கி, கார் டிக்கியிலேயே போட்டுவிட்டு வேலையைப் பார்த்து, மத்தியானம் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்தார். ஜூலை வெயில். அடுத்த வாரம் எடுத்துப் பொரித்தார். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் குங்குமமாகச் சிவந்து, தலைவலி, படபடப்பு. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் உள்ளே ஹிஸ்டமின் என்கிற, ஒவ்வாமை மாதிரி பண்ணும் பொருள் ஊறும், ஐஸில் வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது போகாது என்று டாக்டர் சொன்னார். நாற்றமும் இருக்காதாம். “மீனைப் பத்தி எனக்கே பாடமா?” என்று இவர் கட்டிலில் படுத்தபடி சண்டை பிடித்தார். ஊரில் கரையில் வாங்கிய மீன் அடுத்த நாழிகை சட்டியில் கொதிக்கும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், இந்த ஊர் வெயிலில் ஒரு மணி நேரம்தான். அகலமான டப்பாக்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஆறவிட்டு, மேலே ஒரு விரல் இடம் விட்டு மூடுங்கள், குழம்பு உறைந்தால் விரியும். தேதியும் உங்கள் பெயரும் எழுதி ஒட்டுங்கள். பெயர் எதற்கு என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். வேண்டியதை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி இளகவிடுங்கள். சிங்க் ஓரத்தில் இளகவிட்டு, மீந்ததைத் திரும்ப உள்ளே தள்ளுகிற ஆட்கள்தான் இங்கே அதிகம், அவர்களோடு பங்கு வேண்டாம். நாள் கணக்கும் கேட்டீர்களே: நெய்ப்பு மீன் இரண்டு மூன்று மாதம், மற்ற மீன் ஆறு மாதம் வரை ருசி நிற்கும். தேங்காய் அரைத்த குழம்பு திரிந்த மாதிரி தெரியும், கொதிக்கவிட்டுக் கிண்டினால் ஒன்றாகச் சேரும்.

குடும்பத்தோடு வசதியாகிவிட்ட சிலர் ஆள் உயர டீப் ஃப்ரீசர் வாங்கி, போன ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக் கறியை அடுத்த பெருநாள் வரை வைத்துப் பெருமை பேசுவார்கள். கெடாதுதான், ஆனால் வெளுத்து, காய்ந்து, சக்கையாக இருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டால் பருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் கீழக்கரை வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத தடைக்காலத்தில் கருவாடுதான் கை கொடுக்கும். இங்கே அதை இரட்டைப் பையில் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் ரூமில் எல்லார் ஐஸ் தண்ணீரும் மணக்கும்.