பழைய மெயில் போனால் கூடவே எதெல்லாம் போகும்?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுதான். பத்துப் பதினைந்து வருஷமாக வைத்திருந்த மெயில் திறக்கவில்லை, என்ன செய்வது என்று. மெயில் கம்பெனி கணக்கை மூடிவிடுவது வேறு, பாஸ்வேர்டு மறந்து நாம் வெளியே நிற்பது வேறு. எது நடந்தது என்று எழுதுங்கள், திரையில் வந்த வாசகத்தையும் அப்படியே எழுதுங்கள். "ஓப்பன் ஆகல" என்று மட்டும் எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

கீழக்கரை வாசகர், இப்போது துபாயில்: 2005இல் தொடங்கிய யாஹூ மெயில். மூன்று வருஷம் திறக்கவில்லை. இப்போது உள்ளே போனால் ஒரு மெயில்கூட இல்லை. திரும்ப எடுக்க முடியுமா?

முடியாது. 12 மாதம் லாகின் செய்யாவிட்டால் யாஹூ பெட்டியைக் காலி செய்துவிடும், காலி செய்ததைத் திருப்பித் தராது. ஊர் வீட்டில் பழைய லேப்டாப் இருந்து அதில் அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ (மெயிலைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைக்கும் புரோகிராம்கள்) போட்டிருந்தால் மட்டும் ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் வைஃபையை அணையுங்கள். நெட்டோடு திறந்தால், அங்கே பெட்டி காலி என்று பார்த்து இங்கே இருப்பதையும் அது துடைத்துவிடலாம். நெட் இல்லாமல் திறந்து, மெயில்களை லேப்டாப்பிலேயே வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

முகவரியாவது கையில் இருக்கிறதே, அதை விடாதீர்கள். 2013இல் யாஹூ ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த ஐடிகளை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. புதிதாக வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய சொந்தக்காரரின் அந்தரங்க மெயில்கள் வந்து சேர்ந்தன. உங்கள் பேங்க் மெயில் யாரோ ஒருவர் பெட்டியில் விழுவதை நினைத்துப் பாருங்கள்.

தொண்டி: கூகுள் என் ஜிமெயிலை அழித்துவிட்டது. அதே பெயரில் புதிதாகத் தொடங்கலாமா?

முடியாது. அழிந்த ஜிமெயில் முகவரியை நீங்களும் எடுக்க முடியாது, வேறு யாரும் எடுக்க முடியாது. இரண்டு வருஷம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழித்து வருகிறது. அழிப்பதற்கு முன் அந்த மெயிலுக்கும் ரெக்கவரி மெயிலுக்கும் (கணக்கை மீட்க நீங்கள் கொடுத்து வைக்கும் வேறொரு மெயில்) எச்சரிக்கை அனுப்புவார்கள். ரெக்கவரி மெயில் போடுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

சாயல்குடி: சார், என் மெயில் ஐடி, பாஸ்வேர்டு கீழே உள்ளது. சரி செய்து தரவும்.

அந்தப் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். மாற்ற முடிந்தால் உங்கள் மெயிலில் கோளாறே இல்லை. யாருக்கும், எனக்கும்கூட, பாஸ்வேர்டு அனுப்பக் கூடாது.

பெரியபட்டினம்: மச்சான் சவூதியில் இருக்கிறார். புது போனில் ஜிமெயில் திறந்தால் ஓடிபி ஊர் நம்பருக்குப் போகிறது. அந்த சிம் ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது. அந்த நம்பருக்கு அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

நம் கடற்கரையில் சபுராளி (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்) வீடுகளில் பாதிக்கு இதே கதைதான். 90 நாள் பயன்படுத்தாத சிம்மைக் கம்பெனி துண்டிக்கலாம். துண்டித்த நம்பர் இன்னொரு 90 நாள் சும்மா கிடக்கும், அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். ஆக, சுமார் ஆறு மாதத்தில் உங்கள் வீட்டு ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் அடிக்கும்.

மச்சான் அங்கிருந்து திரும்பத் திரும்ப முயற்சி செய்வதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். வழக்கமாகப் பயன்படுத்திய போன், வழக்கமான இடம், வழக்கமான பிரவுசர், இதையெல்லாம் பார்த்துத்தான் கூகுள் ஆளை நம்பும். அவருடைய பழைய போன் வீட்டில் இருந்தால், வீட்டு வைஃபையில் வைத்து, அவர் லைனில் இருக்கும்போது நீங்கள் ரெக்கவரி செய்யுங்கள். பழைய பாஸ்வேர்டு எது ஞாபகம் இருந்தாலும் போடுங்கள். சில நாள் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள், நடுவில் மறுபடி மறுபடி தட்டாதீர்கள்.

உள்ளே போனதும் நம்பரை மாற்றிவிட்டு, ஓடிபிக்குப் பதிலாகப் போடும் பேக்கப் கோடு எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் வரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், சிம் தேவையில்லை. ஒரு பேப்பரில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். விமானம் ஏறும் எல்லோரும் இதைச் செய்துவிட்டுப் போங்கள்.

பனைக்குளம்: போன் வாங்கிய கடையில் மெயில் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு வருஷம் ஆகிறது. பாஸ்வேர்டு தெரியாது. கடையையும் மூடிவிட்டார்கள். போன் உடைந்துவிட்டது. பிள்ளைகள் போட்டோ எல்லாம் அதில்தான். என்ன செய்வது?

இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிகிறது, உங்கள் மேல் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை எத்தனை கடைகளில் இதே வேலையைப் பார்த்திருக்கிறேன். புது போனைப் பிரித்ததும் கவுண்டரில் இருக்கும் பையன் வாடிக்கையாளரின் பெயரைக் கேட்பான், பெயரோடு ஏதோ நாலு எண்ணைச் சேர்த்து ஒரு மெயில், அதே பெயரோடு 123 சேர்த்து பாஸ்வேர்டு, ரெக்கவரி நம்பருக்குக் கடை நம்பர், பிறந்த தேதிக்கு வாயில் வந்த தேதி. இரண்டு நிமிஷத்தில் முடித்துப் போனைக் கையில் கொடுத்துவிடுவான். ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதித் தரமாட்டான். வாங்குகிற அம்மாவுக்குத் தன் பெயரில் ஒரு மெயில் இருப்பதே தெரியாது. அந்த மெயிலில்தான் அவருடைய போட்டோ, தொடர்பு நம்பர்கள், கடல்பாசி விற்ற கணக்கு, பேத்தியின் ஸ்காலர்ஷிப் கடிதம் எல்லாம் போய்ச் சேரும். ஐம்பது பேருக்கு ஒரே மாதிரி பாஸ்வேர்டு போட்டால் ஐம்பது வீட்டுக்கும் ஒரே சாவி. தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோர் வீடும் திறந்துதான் கிடக்கும்.

பிறந்த தேதி விஷயம் இன்னும் மோசம். வருஷத்தை மாற்றச் சோம்பல்பட்டு ஏதோ சமீபத்திய வருஷத்தைத் தட்டிவிடுகிறார்கள். 13 வயதுக்குக் குறைவு என்று கணக்கு வந்தால் கூகுள் கணக்கை முடக்கிவிடும். அறுபது வயதுப் பாட்டியின் மெயில் குழந்தை மெயில் என்று முடங்குகிறது. அப்படி முடங்கியிருந்தால், வயதுக்கு அடையாள அட்டையோ கிரெடிட் கார்டோ காட்டி மீட்க வழி இருக்கிறது.

உங்களுக்குச் சொல்வது: கடை மூடினாலும் கடைக்காரர் ஊரில்தான் இருப்பார். அந்தக் கடை நம்பர் இன்னும் அவரிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நேரில் போய் உட்காருங்கள், ஓடிபி வந்ததும் வாங்கி, அங்கேயே பாஸ்வேர்டையும் ரெக்கவரி நம்பரையும் மாற்றுங்கள். உடைந்த போனைத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்பிளே மட்டும் போயிருந்தால் மாற்றினால் போதும், உள்ளே லாகின் அப்படியே இருக்கும். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மெயில் போட்டுத் தாருங்கள், தவறில்லை. வாடிக்கையாளர் நம்பரைப் போட்டு, பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொல்லுங்கள். அது முடியாதவரிடம் வீட்டுப் பிள்ளையோடு வரச் சொல்லுங்கள்.

மண்டபம்: கல்லூரி மெயில் படிப்பு முடிந்ததும் நின்றுவிட்டது. வேலைக்கு விண்ணப்பித்தது எல்லாம் அதில்தான்.

கல்லூரி மெயில் கல்லூரியினுடையது. கூகுளிடம் கேட்டுப் பயனில்லை. கல்லூரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, சில நாள் மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் விண்ணப்பித்த இடங்களுக்கு நீங்களே போன் போட்டு முகவரியை மாற்றுங்கள்.

ராமேஸ்வரம், லாட்ஜ்: போர்டு, விசிட்டிங் கார்டு, புக்கிங் தளங்கள் எல்லாவற்றிலும் பிராட்பேண்ட் கம்பெனி கொடுத்த மெயில்தான். கனெக்‌ஷனை மாற்றியதும் நிறுத்திவிட்டார்கள்.

கனெக்‌ஷன் போனால் மெயிலும் போகும், அது அந்தச் சேவையோடு ஒட்டியது. புக்கிங் தளங்களுக்குள் இன்னும் லாகின் ஆகியிருக்கும் கம்ப்யூட்டர் எது என்று பாருங்கள், அதில் வெளியே வராமல் முகவரியை மாற்றுங்கள். பேங்குக்கு நேரில் போங்கள். வருமான வரித் தளத்தில் ஆதார் ஓடிபி மூலம் நுழைந்து மாற்றலாம். அப்புறம் லாட்ஜ் பெயரில் சொந்த டொமைன் (உங்களுக்கே உரிய இணையப் பெயர்) வாங்குங்கள், வருஷம் ஆயிரம் ரூபாய் பக்கம் ஆகும். தொழில் நடத்துகிறவர் இலவச முகவரியை போர்டில் எழுதக் கூடாது.

பாம்பன்: அத்தா (அப்பா) இறந்துவிட்டார். அவர் மெயிலின் பாஸ்வேர்டை கூகுள் தருமா?

தராது. இறந்தவர் கணக்குக்கு என்றே விண்ணப்பம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழோடு அனுப்பினால் கணக்கை மூடுவார்கள், சில சமயம் உள்ளடக்கம் தருவார்கள். உயிரோடு இருப்பவர்கள் கூகுளின் இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜரில் வாரிசைக் குறித்து வைக்கலாம், பத்துப் பேர் வரை.

தேவிபட்டினம்: மெயிலை மீட்டுத் தர ஒருவர் 5000 ரூபாய் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பணம் வாங்கி ஜிமெயில் மீட்டுத் தரும் யாரோடும் கூகுளுக்குத் தொடர்பு கிடையாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். அவர் ஓடிபி கேட்டாரா, சொன்னீர்களா என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

உச்சிப்புளி: இரண்டு வாரமாக எனக்கு மெயிலே வரவில்லை. மூடிவிட்டார்களா?

மூடவில்லை, நிரம்பிவிட்டது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை போட்டோவும் வாட்ஸ்அப் பேக்கப்பும் தின்றிருக்கும். பெரிய வீடியோக்களை அழியுங்கள், குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இந்த இரண்டு வாரத்தில் அனுப்பியவர்களை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.