இறக்குமதி உணவும் எல்லைச் சோதனையும்: கேள்வி பதில்

கேள்வி: வந்திறங்கும் உணவுச் சரக்கு முழுவதையும் ஆய்வகத்தில் சோதிக்கிறார்களா, ஐயா?

பதில்: இல்லை, எந்த நாட்டாலும் அது இயலாது. பெரும்பாலும் ஆவணங்களைப் பார்ப்பது, சரக்கு அவற்றோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது, சரக்கையே பிரித்துச் சோதிப்பது என மூன்று படிகள் உண்டு. மூன்றாம் படிக்கு எதை அனுப்புவது என்பதை, உணவின் தன்மை, அது வரும் நாடு, அனுப்புபவரின் முந்தைய வரலாறு ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: மாதிரி தேறிவிட்டால் முழுச் சரக்கையும் நம்பலாமா?

பதில்: மாதிரி எடுத்த விதத்தைப் பொறுத்தது. நிலக்கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புகளுக்கு நடுவே ஓரிரு கெட்ட பருப்புகளில் குவிந்திருக்கும். கன்டெய்னர் கதவோரத்தில் உள்ள இரண்டு மூட்டைகளில் மட்டும் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்தால், அந்தப் பருப்பு அகப்படாமலே போய்விடக்கூடும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றிய விதிகள், பெரிய தொகுதிகளில் 100 இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நன்கு அரைத்துக் கலந்த பிறகே சோதிக்கச் சொல்கின்றன. அங்கே நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறியும் கருவி இருந்தும், மூட்டையருகே நேர்ந்த பிழையை அதனால் திருத்த முடியாது. மாதிரி எடுக்கும் பணியாளருக்குப் பயிற்சியும் போதிய நேரமும் தராத துறைமுகத்தில் வரும் அறிக்கையை நான் எளிதில் நம்பமாட்டேன்.

கேள்வி: ஏற்றுமதி செய்யும் நாட்டின் சான்றிதழ் போதாதா?

பதில்: சோதனை எதைத் தேடுகிறதோ அதைப் பற்றி மட்டுமே சான்றிதழ் பேசும். 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில், நைட்ரஜன் நிறைந்த தொழிற்சாலை வேதிப்பொருளான மெலமைனைச் சேர்த்தார்கள். புரதத்தை நைட்ரஜன் அளவைக் கொண்டு கணக்கிடும் வழக்கமான சோதனையில் அது புரதம் போலவே தோன்றியது. குழந்தைகளின் சிறுநீரகங்கள் பழுதடைந்த பிறகுதான் உலகமெங்கும் அதைத் தேடத் தொடங்கினார்கள் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். எனவே உணவு உருவாகும் இடத்திலேயே கண்காணிப்பு வேண்டும். அமெரிக்காவின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டு உற்பத்தியாளர் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுகிறாரா என்று சரிபார்க்கும் பொறுப்பை இறக்குமதியாளர் மீதே சுமத்துகிறது.

கேள்வி: ஒரு நாடு தன் விருப்பப்படி வரம்புகளை வைக்கலாமா?

பதில்: கடுமையாக வைக்கலாம், ஆனால் 1995 முதல் நடைமுறையிலுள்ள உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். பொது அளவுகோலாக, பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆணையத்தின் தரநிலைகள் உள்ளன.

கேள்வி: தேறாத சரக்கு என்ன ஆகும்?

பதில்: திருப்பி அனுப்புவார்கள், அழிப்பார்கள், அல்லது அனுமதி இருந்தால் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவார்கள். எனக்குக் கவலை தருவது திருப்பி அனுப்பப்படும் சரக்குதான், ஏனெனில் அதே மூட்டைகள் சோதனை தளர்ந்த வேறொரு துறைமுகத்தை நாடக்கூடும். ஐரோப்பிய நாடுகள் 1979 முதல் விரைவு எச்சரிக்கை அமைப்பின் வழியே இத்தகைய செய்திகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஏற்பாடு இல்லாத நாடுகளின் அதிகாரிகள், திரும்பிவரும் சரக்கின் பழைய ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.