கட்டடம் முதலில், பூச்சி அப்புறம்

போன இதழில் 'இன்டு தி பிரீச்' பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பழைய பாணியில் பிக்சல் பிக்சலாக வரைந்த ஸ்ட்ராடஜி கேம். மண்ணுக்கடியிலிருந்து 'வெக்' என்னும் ராட்சதப் பூச்சிகள் கிளம்பி நகரங்களை நொறுக்க வரும். உங்களிடம் இருப்பவை மெக் எனப்படும் மூன்று பெரிய ரோபோக்கள். அந்த அரைப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: கண்ணில் படும் பூச்சிகளையெல்லாம் கொல்லப் பார்க்கிறேன். முதல் தீவு எப்படியோ தேறிவிடுகிறது. இரண்டாவது தீவில் மட்டும் தவறாமல் மண்ணைக் கவ்வுகிறேன். எங்கே சறுக்குகிறது?

'கொல்லப் பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். இந்த கேமில் பூச்சிகளைக் கொன்று தீர்க்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. பெரும்பாலான சண்டைகளில் குறிப்பிட்ட சில சுற்றுகள் தாக்குப்பிடித்தால் போதும். நேரம் முடிந்ததும் அவை தாமாகவே மண்ணுக்குள் போய்விடும். அதுவரை கட்டடங்கள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு கணக்கைப் பாருங்கள். சண்டை முடிந்ததும் மெக்குகள் முழுசாகப் பழுது பார்க்கப்பட்டுவிடும். ஆனால் கட்டடம் அடிபடும்போதெல்லாம் நகரத்தின் மின்சக்தி என்று ஒரு கணக்கு குறையும், அது மட்டும் அப்படித் தானாகத் திரும்பாது. அது பூஜ்யம் ஆனால் ஆட்டமே முடிந்தது. அதாவது அடி வாங்க வேண்டியது மெக், கட்டடம் இல்லை. எந்தப் பூச்சி எதை அடிக்கப் போகிறது என்பதை ஆட்டம் முன்னாலேயே காட்டிவிடும். பூச்சி கட்டடத்தைக் குறிவைத்திருக்கிறது, வேறு வழி ஒன்றும் தெரியவில்லை என்றால், உங்கள் மெக்கைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்துங்கள். நெஞ்சைக் காட்டி அடி வாங்கட்டும். மெக் மொத்தமாக விழுந்தால் உள்ளே இருக்கும் பைலட் செத்துப்போவார், அது மட்டும் கவனம். எனக்கு அதிலும் பெரிய வருத்தம் வருவதில்லை. என் மகள்தான் ஒவ்வொரு பைலட்டின் பெயரையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு என்னைத் திட்டுவாள்.

அடுத்தது, தள்ளுவது. அடிப்பதைவிட இதுதான் பெரிய ஆயுதம். ஒரு பூச்சியை ஒரு கட்டம் தள்ளினால் அதன் குறியும் கூடவே நகரும். கட்டடத்தை அடிக்க வேண்டியது காலி மண்ணை அடிக்கும். கொஞ்சம் யோசித்துத் தள்ளினால் இன்னொரு பூச்சியையே அடிக்கும். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் உள்ளே தள்ளுங்கள். பறக்காத சாதாரணப் பூச்சிக்கு எத்தனை உயிர் மிச்சம் இருந்தாலும் கதை முடிந்தது. முதலில் கிடைக்கும் அணியில் உள்ள பீரங்கி மெக்கைப் பலர் பூச்சியின் தலையில் சுடவே பயன்படுத்துகிறார்கள். அதன் குண்டு விழுந்த கட்டத்தைச் சுற்றியுள்ளவையெல்லாம் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். இரண்டு பூச்சிகளுக்கு நடுவே இருக்கும் காலிக் கட்டத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே குண்டில் இரண்டும் இடம் மாறும்.

இன்னொன்று. அடுத்து எங்கிருந்து பூச்சி கிளம்பும் என்று தரையில் முன்னாலேயே தெரியும். அதன் மேல் ஏறி நின்றுகொண்டால் அந்தச் சுற்றில் அது வெளியே வராது. நிற்பவருக்கு ஒரு புள்ளி அடி, அதனால் மெக்கை நிறுத்துவதைவிட ஏற்கெனவே மேலே வந்துவிட்ட ஒரு பூச்சியை அங்கே தள்ளி நிறுத்துவது உத்தமம். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அல்ப சந்தோஷம் இது.

கேள்வி: எதிரி யாரை அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். அப்புறம் அதில் என்ன சுவாரஸ்யம்?

சதுரங்கம் ஆடுபவர் கேட்கும் கேள்வி மாதிரி இருக்கிறது. பலகைகூட அதே எட்டுக்கு எட்டுதான். ஆனால் சதுரங்கத்தில் பாதி நேரம் எதிராளியின் மனதைப் படிப்பதில் போகும். இங்கே எதிராளி வாயைத் திறந்து சொல்லிவிட்டான். எந்தப் பூச்சி முதலில் அடிக்கும், எது பிறகு என்ற வரிசை வரைக்கும் பார்க்கலாம். இனி தோற்றால் பழிபோட ஆள் கிடையாது. அதிர்ஷ்டம் சரியில்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று மெக், ஐந்து ஆபத்து என்று முன்னால் விரிந்து கிடக்கும்போது, இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நேரக்கட்டுப்பாடு இல்லை என்பது என்னைப் போன்ற ஆட்களுக்குப் பெரிய வரம்.

அதிர்ஷ்டம் அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அடிபடும் கட்டடம் சேதமில்லாமல் தப்பிக்க ஆரம்பத்தில் 15 சதவீத வாய்ப்பு உண்டு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நடந்தால் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: 2018-ல் வந்த கேமை 'ரெட்ரோ' என்கிறீர்களே! உண்மையான பழைய காலத்தில் இப்படி ஏதாவது இருந்ததா?

இருந்தது. ஆனால் முதலில் நகரத்தை நொறுக்கும் ராட்சத மிருகத்தின் பக்கம்தான் நம்மை உட்கார வைத்தார்கள். 1981-ல் எபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'க்ரஷ், க்ரம்பிள் அண்ட் சாம்ப்' கேமில் நியூயார்க், டோக்கியோ போன்ற நகரங்களை மிருகமாக மாறி நீங்களே சூறையாடலாம். 1986-ல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் மெஷினுக்கு வந்த 'ராம்பேஜ்' அதே ஆசைக்கு இன்னும் வேகமாகத் தீனி போட்டது. அதில் ஸ்ட்ராடஜி எல்லாம் கிடையாது, கட்டடத்தில் ஏறு, இடி, அடுத்த கட்டடம்.

1989-ல், மேயராக இருந்து நகரத்தைக் கட்டி நடத்தும் 'சிம்சிட்டி' வந்தபோதுதான் இடிபடுபவரின் நிலைமை நமக்குப் புரிந்தது. அதில் 1957-ஆம் வருடத்து டோக்கியோ என்று ஒரு சவால் உண்டு. மிருகம் வரும். உங்களிடம் ராணுவம் கிடையாது. அது மிதித்துவிட்டுப் போன பிறகு தீயை அணைத்து, இடிபாட்டை அள்ளி, மறுபடி ரோடு போட வேண்டும். மேயர் வேலை என்றால் அதுதானே!

நீங்கள் கேட்பதற்கு நேரான பதில் 'காட்ஸில்லா 2: வார் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்'. நின்டெண்டோவின் எட்டு பிட் மெஷினுக்கு 1992-ல் அமெரிக்காவில் வந்தது. பெயரைப் பார்த்து காட்ஸில்லாவாக ஆடலாம் என்று வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். இதில் நீங்கள் ராணுவம். டாங்கிகளையும் விமானங்களையும் வரைபடத்தில் நகர்த்தி நகரங்களைக் காக்க வேண்டும். யோசனை அருமை. ஆனால் மோதல் என்று வந்துவிட்டால் முடிவை ஸ்லாட் மெஷின் மாதிரி சுழலும் படங்கள் தீர்மானிக்கும். அரை மணி நேரம் வியூகம் வகுத்துவிட்டு கடைசியில் சூதாட்டம் என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதற்காகவே ரசித்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கேள்வி: இந்த மிருகங்களுக்கு ஏன் எப்போதும் நகரமே வேண்டும்? காடு, பாலைவனம் எல்லாம் கண்ணில் படாதா?

பாலைவனத்தில் மிதிக்க என்ன இருக்கிறது? சிம்சிட்டியில் மட்டும் இதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அந்த மிருகம் மாசு அதிகமாக உள்ள இடத்தைத் தேடிப் போகும். தொழிற்சாலைகளை நெருக்கி அடுக்கியவர்களுக்கு விருந்தாளி நிச்சயம்.

கேள்வி: நான்கு தீவுகளையும் முடித்துவிட்டேன். அடுத்து என்ன ஆடலாம்?

இன்னும் முடிக்கவில்லை நீங்கள். எந்த அணியோடு முடித்தீர்கள்? ஒவ்வொரு அணிக்கும் ஆட்டம் வேறு. நெருப்பு வைப்பது, பனியில் உறைய வைப்பது, புகை போட்டுப் பூச்சியின் தாக்குதலையே ரத்து செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தி வேண்டும். 2022-ல் இலவசமாகச் சேர்த்த கூடுதல் பகுதியில் புது அணிகளும், 'அன்ஃபேர்' என்று ஒரு புதிய கடின நிலையும் வந்தன. பெயர் வைத்தவர் நேர்மையானவர்.

அதுவும் அலுத்துவிட்டால் அதே வருடம் வந்த 'கைஜு வார்ஸ்' பாருங்கள். அங்கே உங்கள் டாங்கிகளால் மிருகத்தைக் கொல்லவே முடியாது. விஞ்ஞானிகள் ஆராய்ச்சியை முடிக்கும் வரை அதன் வழியில் எதையாவது நிறுத்தித் தாமதப்படுத்த வேண்டும், அவ்வளவே. முதல் கேள்வி கேட்ட வாசகருக்கும் இதையே சிபாரிசு செய்கிறேன். கொல்லும் ஆசை இரண்டே நாளில் போய்விடும்.