நடுப்புள்ளியில் மின்புலம் உண்டா?

கேள்வி: சமமான நேர், எதிர் மின்னூட்டங்களுக்கு நட்டநடுவே மின்னழுத்தம் பூஜ்யம். அப்படியானால் மின்புலமும் பூஜ்யம்தானே, சார்? – பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: இல்லம்மா. வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கணக்காகவே போட்டுவிடலாம். மின்னூட்டங்கள் +2, −2 நானோகூலும் (மின்னூட்டத்தின் அலகு), இடைவெளி 20 செ.மீ. என்று வைத்துக்கொள். நடுவில் அவை தரும் மின்னழுத்தம் +180, −180 வோல்ட். கூட்டினால் பூஜ்யம், சரி. ஆனால் மின்புலம் என்பது அங்கே வைக்கும் ஓரலகு நேர் மின்னூட்டத்தின் மீதான விசை; அதற்குத் திசை உண்டு. நேர் மின்னூட்டம் தள்ளுகிற பக்கமே எதிர் மின்னூட்டம் இழுக்கிறது. ஒவ்வொன்றும் தரும் 1800-ம் 1800-ம் சேர்ந்து மின்புலம் மீட்டருக்கு 3600 வோல்ட்! நேர் மின்னூட்டத்தை நோக்கி ஒரே ஒரு செ.மீ. நகர்ந்து கணக்கிட்டுப் பார். மின்னழுத்தம் சுமார் 36 வோல்ட் ஆகிவிடும். அந்த ஏற்றத்தின் சரிவுதான் மின்புலம். அப்புறம், இரண்டையுமே +2 ஆக்கிப் பார்: நடுவில் மின்புலம் பூஜ்யம், மின்னழுத்தம் 360 வோல்ட்.