விசுவாசிகள் அழலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதங்கள் புற்றுநோயோடு படுக்கையில் இருந்த என் அம்மா சென்ற மாதம் காலமானார். பெட்டியை மூடும் நேரத்தில் நானும் தங்கையும் கதறிவிட்டோம். சபை மூப்பர் ஒருவர் அருகே வந்து, “அம்மா கர்த்தருடைய சமுகத்தில் இருக்கிறார்கள், விசுவாசிகள் இப்படி அழலாமா?” என்று கடிந்துகொண்டார். அன்றிலிருந்து அழுகை வரும்போதெல்லாம் குற்ற உணர்வும் சேர்ந்தே வருகிறது. என் விசுவாசம்தான் குறைவுபட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூப்பர் மனதில் வைத்திருந்த வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13 ஆக இருக்கவேண்டும். நித்திரையடைந்தவர்களுக்காகத் துக்கிக்கவே கூடாது என்று பவுல் அங்கே எழுதவில்லை. ‘நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல’ துக்கிக்கவேண்டாம் என்றுதான் எழுதுகிறார். அந்த ஒரு சொற்றொடரை விட்டுவிட்டு வாசிக்கும் வழக்கம் நம் துக்க வீடுகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. பெத்தானியாவில் மார்த்தாளிடம் “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று சொன்ன இயேசு, சற்று நேரத்தில் அவளுடைய மரித்த சகோதரன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பவுலோ மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு வீட்டுக்குள் வந்து போயிருக்கையில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கச் சொல்வது வேதம் கேட்காத ஒன்று.

ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1527இல் அவர் வாழ்ந்த விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகத்தையே யேனா நகருக்கு மாற்றினார்கள். லூத்தர் போகவில்லை, மனைவி காத்தரினாள் கர்ப்பிணியாக இருந்த அந்த வீடே நோயாளிகளைப் பராமரிக்கும் இடமாயிற்று. கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதிலில் வீரவசனம் இல்லை. அயலானைக் கவனிக்க வேறு ஆள் இருந்தால் போகலாம், பொறுப்பில் இருப்பவர் நிற்கவேண்டும், மருந்தைப் பயன்படுத்துங்கள், வீட்டுக்குப் புகை போடுங்கள் என்கிற அளவில்தான் பேசுகிறார். அந்த டிசம்பரில் பிறந்த எலிசபெத் எட்டு மாதம்கூட நிறையாமல் இறந்துபோனாள்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1542 செப்டம்பரில், அவருடைய பதின்மூன்று வயது மகள் மகதலேனாள் படுக்கையில் விழுந்தாள். தோர்காவில் படித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்க்க அவள் ஏங்கியதால், காரணத்தை அவனுக்குச் சொல்லாமல் உடனே அனுப்பிவைக்கும்படி லூத்தர் அவன் ஆசிரியருக்கு எழுதினார். 20ஆம் தேதி அவர் கைகளிலேயே அவள் உயிர் பிரிந்தது. அதே அறையில் இருந்த தாய் துயரம் தாளாமல் கட்டிலைவிட்டுத் தள்ளி நின்றிருந்தார். பெட்டியில் ஆணி அடிக்கும்போது, அடியுங்கள், கடைசி நாளில் அவள் எழுந்திருப்பாள் என்று லூத்தர் சொன்னதாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். அதே மனிதர் மூன்று நாளில் நண்பர் யுஸ்துஸ் யோனாஸுக்கு எழுதுகிறார்: மகள் பாக்கியமாய்ப் போனதற்கு நாங்கள் நன்றி சொல்லவேண்டும், ஆனால் விம்மலும் புலம்பலும் இல்லாமல் அது முடியவில்லை, கிறிஸ்துவின் மரணத்தை நினைத்தாலும் இந்த வேதனை முழுவதும் நீங்கவில்லை. உயிர்த்தெழுதலைப்பற்றி ஆயுள் முழுவதும் பிரசங்கித்தவர் இதை எழுத வெட்கப்படவில்லை.

உங்கள் விசுவாசத்தைப்பற்றிக் கேட்டீர்கள். எட்டு மாதங்கள் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, வேளைக்கு மருந்து கொடுத்து அருகிலிருந்தீர்களே, நான் பார்க்க விரும்பும் இடம் அதுதான். சாவைக் கண்டு ஒதுங்கிப் போகாமல் அந்த அறையில் இருக்க வைத்தது எதுவோ, அதற்குத்தான் நம்பிக்கை என்று பெயர். அடக்க ஆராதனையில் கண் உலர்ந்திருந்ததா என்பதைக் கொண்டு அதை அளக்க முடியாது. (அந்த எட்டு மாதங்களில் மூப்பர் எத்தனை முறை வந்தார் என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.)

அழுகை வந்தால் அழுங்கள். அம்மா பாடிய கீர்த்தனை வாயில் வந்தால் பாடுங்கள், பாதியில் தொண்டை அடைத்தாலும் பரவாயில்லை. மூப்பர் மறுபடியும் வீட்டு ஜெபத்துக்கு வந்தால் அப்போஸ்தலர் 8:2ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். வானம் திறந்திருக்கக் கண்டு மரித்த ஸ்தேவானை அடக்கம்பண்ணியவர்கள் ‘தேவபக்தியுள்ள மனுஷர்’ என்றும், அவர்கள் அவனுக்காக ‘மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்’ என்றும் அங்கே இருக்கிறது.